வண்ணம் பூசும் முன் தூண்களைப் பாருங்கள்

டெல்லி மயூர் விகார், பட்பர்கஞ்ச் பகுதிக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2025 பிப்ரவரி 17 அன்று விடியற்காலை 5.36 மணிக்கு, தௌலா குவான் அருகே மையம் கொண்டு 4.0 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம், தலைநகரை உலுக்கி எழுப்பிவிட்டுச் சில நொடிகளில் அடங்கியது. சில நாள்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அதே பேச்சாக இருந்து, பிறகு பராமரிப்புக் கட்டணத்துக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் பேச்சு திரும்பிவிட்டது. அந்த வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றித்தான் இம்மடல்.

நம் பகுதியின் அடுக்குமாடிகள் பலவற்றில் தரைத்தளத்தில் தூண்கள் மட்டுமே நிற்கின்றன. சுவர்களெல்லாம் மேல் தளங்களில். நிலம் பக்கவாட்டில் அசையும்போது, செங்கல் சுவர்களால் விறைத்த மேல் தளங்கள் ஒரே பெட்டியைப் போல நகர, வளைவு முழுவதும் தரைத்தளத் தூண்களின் அடியிலும் தலையிலும் குவிகிறது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் நொறுங்கியது பெரிதும் இந்தக் குறையால்தான். தொலைவு நம்மைக் காக்கும் என்றும் எண்ண வேண்டாம். நிலநடுக்க அபாயம் மிகுந்த நான்காம் மண்டலத்தில் டெல்லி இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் மேற்கே பாறை மேட்டில் நிற்கும் வீட்டுக்கும், யமுனை கொண்டுவந்து குவித்த வண்டல் மீது நிற்கும் நம் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மென்மையான மண் அதிர்வைப் பெருக்கும். 1985இல் மெக்சிகோ நகரம் பட்ட பாட்டுக்கு, அது பழைய ஏரிப்படுகை மீது அமைந்திருந்ததே முக்கியக் காரணம். நிலநடுக்க மையமோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையோரம் இருந்தது.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவிலும், ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவிலும் ஏற்பட்ட நடுக்கங்களில் அந்நாட்டில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே நல்ல விதிமுறைகள் இருந்தன. விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்திய 2018ஆம் ஆண்டின் பொதுமன்னிப்பும் இருந்தது. நம் சங்கங்களில் பால்கனிகள் அறைகளானதையும், மொட்டை மாடியில் தொட்டிகள் பெருகியதையும் நினைத்தால் இது அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. அதே நடுக்கத்தில், ரப்பர் தாங்கிகள் போன்ற அமைப்புகளால் அடித்தளத்திலிருந்து பிரித்து நிறுத்தப்பட்ட மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்கின. பூஜில் மீண்டும் கட்டப்பட்ட பொது மருத்துவமனையும் அவ்வகைதான். குடிபுகுந்த பழைய வீடுகளுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது; நமக்கு உகந்தது தைவான் மேற்கொண்ட வழி. 2016இல் தைனானில் ஓர் அடுக்குமாடி விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, பலவீனமான தளத்தை மட்டும் முதலில் வலுப்படுத்த அங்கே அரசு மானியம் தருகிறது.

நம் தூண்களுக்குள் என்ன இருக்கிறது? நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். அவற்றின் முனைகள் 135 பாகை மடிக்கப்பட்டுத் தூணின் உள்ளே ஊன்றியிருக்க வேண்டும். 90 பாகையில் விட்டால், மேற்பூச்சு உதிர்ந்ததும் வளையம் பிரிந்து, கான்கிரீட் சிதறி, கம்பிகள் பிதுங்கிவிடும். இதை விரிவாக வலியுறுத்தும் ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரநெறி 1993இல்தான் வெளியானது. நம் கட்டடங்கள் பல அதற்கு முந்தியவை. எங்கள் வளாகத்தில் பம்ப் அறையை ஒட்டிய தூணில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தபோது, அதன் மேல் சிமென்ட் பூசி வண்ணமும் அடித்தார்கள்.

ஆகவே, வெளிச்சுவர் வண்ணத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஏற்கெனவே உள்ள கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்க வலிமையை மதிப்பிடும் ஐ.எஸ். 15988 நெறிப்படி ஒரு கட்டமைப்பு ஆய்வை அடுத்த பொதுக்குழுவின் முதல் பொருளாக வையுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு அன்றே சான்றிதழ் எழுதித் தருபவரை நம்ப வேண்டாம்; மூல வரைபடங்களைத் தேடியெடுத்து, கம்பிகளைக் கருவியால் கண்டறிந்து, கான்கிரீட் மாதிரியைத் துளைத்தெடுத்துச் சோதிப்பவரே வேண்டும். ஆய்வு நடந்தால் வீட்டு விலை இறங்கும் என்ற முணுமுணுப்பு எழும். வாங்க வருபவரிடம் குறையை மறைத்து விற்கும் விலையைக் காப்பது சங்கத்தின் வேலை அன்று.

உண்மையான தகராறு வேறு இடத்தில் வரும். தரைத்தளத்தில் சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவரோ எஃகுக் குறுக்குச் சட்டமோ எழுப்பினால், சிலருடைய கார் நிறுத்துமிடம் போய்விடும். எவருடையது என்பதைப் பொறியாளரின் வரைபடம் முடிவு செய்யட்டும். இடம் இழப்பவருக்குப் பராமரிப்புக் கட்டணத்தில் கழிவு தருவதை இப்போதே தீர்மானமாக எழுதிவிடுங்கள். ஆய்வறிக்கையையும் சுருக்காமல், முழுமையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
மயூர் விகார் குடியிருப்பாளர் ஒருவர்