பேய்ப் படம் எடுக்கக் கிளம்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமானுஷ்யங்களைப் படம் பிடிக்க விரும்பும் புதியவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் கேமரா நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று ஒரு வரிகூட இல்லை. கல்யாண வீடுகளில் விடிய விடியப் படம் எடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

படத்தில் மிதக்கும் ஒளி உருண்டைகளை 'ஆர்ப்', அதாவது ஆவியின் அடையாளம், என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அவை பெரும்பாலும் தூசிதான். செல்போனில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. லென்ஸுக்கு நேர் முன்னால் மிதக்கும் தூசியில் அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பும். ஃபோகஸ் ஆகாததால் வெள்ளை வட்டமாக விழும். விளக்கை அணைத்து, பழைய போர்வை ஒன்றை உதறி, உடனே ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். பிறகு கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரைப் பத்து விநாடி திறந்துவிட்டு, நண்பரை மூன்று விநாடி நின்று நகரச் சொல்லுங்கள். அவர் உடம்பு வழியே பின்னாலிருக்கும் கதவு தெரியும். இதையெல்லாம் செய்து பழகியவர்தான் இரவில் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அமெரிக்காவின் வில்லியம் மம்லர். 1860களில் பாஸ்டனில், படம் எடுத்துக்கொள்ள வந்தவருக்குப் பின்னால் அவருடைய இறந்த உறவினர் நிற்பதுபோல் படம் எடுத்துக் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த காலம் அது. அவர் படங்களில் 'ஆவி'யாக வந்த சிலர் உயிரோடு நடமாடுவதை ஊர்க்காரர்களே கண்டுபிடித்தார்கள். 1869இல் நியூயார்க்கில் அவர் மீது மோசடி வழக்கு நடந்தது. இது எவ்வளவு சுலபம் என்று காட்ட, ஆபிரகாம் போகார்டஸ் என்ற போட்டோகிராஃபர் பி.டி. பார்னம் என்ற பிரபல கேளிக்கைக் காட்சி முதலாளிக்குப் பின்னால் லிங்கனின் 'ஆவி' நிற்கும் படத்தைத் தயாரித்துக் கொடுத்தார். ஆனாலும் ஆதாரம் போதாமல் மம்லர் விடுதலையானார். அதன் பிறகு லிங்கனின் மனைவி மேரியே அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். கணவரையும் மூன்று மகன்களையும் இழந்திருந்தவர் அவர். தோளில் கணவர் கைவைத்து நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

வாசகர் அனுப்பும் பேய்ப் படங்களை இனி வெளியிடுவதாக இருந்தால், எடிட் செய்யாத ஒரிஜினல் ஃபைலையும், அதே இடத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த இன்னொரு படத்தையும் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தார் சம்மதம் இல்லாமல், இறந்த எவருடைய பெயரையும் எந்தப் படத்தின் கீழும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கல்யாண போட்டோகிராஃபர் ஒருவர்,
கும்பகோணம்