ஐந்தாவது சக்கரத்தையும் சக்கரமாகவே தாருங்கள்: கார் நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் இருமுறை எழுதிய கடிதங்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து இருமுறையும் ஒரே பதில்தான் வந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. காருடன் தரப்படும் ஸ்டெப்னி தற்காலிகப் பயன்பாட்டுக்கானது என்றும், அது விதிமுறைகளுக்கு உட்பட்டதே என்றும் அதில் விளக்கியிருந்தார்கள். விதிமுறையை மீறிவிட்டீர்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. மற்ற நான்கு சக்கரங்களின் அளவிலேயே ஐந்தாவது சக்கரமும் வேண்டும், அதற்குரிய விலையைத் தரவும் தயார் என்றுதான் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லாததால் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

சென்ற மாதம் மீஞ்சூரில் தங்கை மகளின் வளைகாப்பை முடித்துக்கொண்டு இரவு ஒன்பதரை மணியளவில் தண்டையார்ப்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, எழுபத்தொரு வயதான அம்மா, பிள்ளைகள் இருவர் என வண்டியில் ஐந்து பேர். நாப்பாளையத்தைத் தாண்டி, வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் ட்ரெய்லர்களை ஒட்டி வரும்போது இடது முன்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். ஆணி குத்திய ஓட்டையாக இருந்தால் பங்ச்சர் ஒட்டிவிடலாம். பக்கவாட்டில் கிழிந்த டயரை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஸ்டெப்னியை எடுப்பதற்காக டிக்கியில் இருந்த எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கிவைத்தோம். தாய்மாமன் சீர் கொண்டுபோன பித்தளைத் தாம்பாளங்கள், புளியோதரை மிஞ்சியிருந்த தூக்கு, அம்மாவின் மடக்கு நாற்காலி எல்லாம் மண்ணில் இறங்கிய பிறகு, விரிப்பைத் தூக்கினால் உள்ளே அந்தச் சக்கரம். காரின் டயர்கள் 215 மில்லிமீட்டர் அகலம், இதுவோ 125. பக்கவாட்டில் தற்காலிகம் என்பதைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற மஞ்சள் எச்சரிக்கையும் இருந்தன. இதை எஞ்சின் இழுக்கும் முன்சக்கரத்தில் மாட்டாமல் பின்பக்கம் மாட்டுமாறு தங்கள் கையேடு சொல்கிறது. காரணம் நியாயமானதுதான். இரு பக்கமும் விட்டம் வேறான சக்கரங்கள் சுழன்றால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு ஓய்வில்லாமல் உழைக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த நியாயத்தைக் கடைப்பிடிக்க, நான் முதலில் பின்பக்கம் ஜாக்கி வைத்து நல்ல சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டி, பிறகு முன்பக்கம் ஜாக்கி வைத்து, கிழிந்ததைக் கழற்றி அந்த நல்ல சக்கரத்தை அங்கே மாட்ட வேண்டியிருந்தது. ஒரு பங்ச்சருக்கு இரண்டு சக்கரங்கள், இரண்டு ஜாக்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் உறுமிச் செல்லும் ட்ரெய்லர்கள். பெரியவன் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் தாங்கள் சற்று நின்று படிக்க வேண்டும். கழற்றிய பெரிய சக்கரத்தை ஸ்டெப்னி இருந்த குழியில் வைத்தால் நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது. விரிப்பு மூடவில்லை, அதன்மேல் தாம்பாளங்களும் அடங்கவில்லை. வேறு வழியின்றிச் சக்கரத்தைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பெரியவனுக்கு இடமில்லாமல் போனதால், எர்ணாவூரிலிருந்து மச்சானை வரவழைத்து அவருடைய பைக்கில் ஏற்றி அனுப்பினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் சாயாமலிருக்க, அம்மா வீடு வரும்வரை ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே வந்தார். அவருடைய பட்டுப்புடவையில் ஏறிய டயர்க் கறுப்பு இரண்டு முறை சலவைக்குப் போட்டும் போகவில்லை. இடத்தை மிச்சப்படுத்தும் ஸ்டெப்னி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் போகும் காரில் ஒருவருடைய இடத்தைப் பறித்துக்கொண்ட சக்கரம் எந்த இடத்தை மிச்சப்படுத்தியது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காற்றின் கதை தனி. இந்தச் சின்னச் சக்கரத்துக்கு 60 பவுண்டு காற்று வேண்டும். வழியில் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும் பையன் வழக்கம்போல் 35 வைத்தான். 60 என்றதும், "வெடிச்சா யார் சார் பதில் சொல்றது?" என்று குழாயைப் பிடுங்கிக்கொண்டான். டயரில் அச்சாகியிருந்த எண்ணை நான் விளக்கடித்துக் காட்டிய பிறகே மனமில்லாமல் நிரப்பினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். காரை விற்கும்போது தங்கள் விற்பனைப் பிரதிநிதி எனக்கே சொல்லாத ஒன்று அவனுக்கு எப்படித் தெரியும்? டிக்கியின் கொள்ளளவை லிட்டர் கணக்கில் ஒப்பித்த அவர், விரிப்பைத் தூக்கிக் காட்டவே இல்லை.

80 கிலோமீட்டர் வரம்பைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர்களுக்கு நடுவே எண்பதைத் தொடும் பாக்கியம் யாருக்கு வாய்க்கப்போகிறது? எங்கள் பயமெல்லாம் வேறு. மழைநீர் தேங்கிய பள்ளத்தில் ஒல்லியான அந்தச் சக்கரம் இறங்கும்போதும், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் வண்டி என்ன செய்யும் என்பதுதான். எங்கள் அளவு டயர் கடைகளில் கிடைக்காமல் ஐந்து நாள் அதிலேயே ஓடினேன். சாலையில் கிடக்கும் இரும்புத் துண்டுகளைக் கூட்ட வேண்டியவர்கள் வேறு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பள்ளங்களை மூட வேண்டியவர்களும் வேறு. அவர்களுக்கு எழுதிய கடிதங்களை அடுக்கினால் அதற்கே ஒரு டிக்கி வேண்டும். தங்களிடம் நான் கேட்பது ஒரு சக்கரம் மட்டுமே.

தாங்கள் ஒன்று சொல்லக்கூடும். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்தவர்கள் செய்த முதல் ஸ்டெப்னியே தற்காலிக ஏற்பாடுதானே என்று. உண்மைதான். ஆரக்கால் இல்லாத வளையத்தில் டயரை மாட்டி, பழுதான சக்கரத்தோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அன்று காரின் சக்கரத்தைக் கழற்றுவதே பெரும்பாடு என்பதால் அப்படிச் செய்தார்கள். இன்று அந்தக் கஷ்டம் இல்லை. கூரையைத் திறந்து வானம் பார்க்க வழி செய்திருக்கிறீர்கள். கதவோரம் 64 நிறங்களில் விளக்கு எரியவிட்டிருக்கிறீர்கள். நான்கு விரற்கடை ஆழம் மட்டும் தங்கள் பொறியாளர்களுக்கு எட்டவில்லை என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது.

2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. மூன்றரை டன் வரையிலான வாகனங்களில் டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பங்ச்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை என்றாகிவிட்டது. அதனால் சின்னச் சக்கரமாவது தருகிறோமே என்று தாங்கள் எண்ணலாம். அந்தப் பெட்டியில் உள்ள பசை ஆணி ஓட்டையை அடைக்கும். எங்கள் பகுதிச் சாலைகளில் பக்கவாட்டில் கிழியும் டயரை அடைக்காது.

கோபத்தில் எல்லை மீறி எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். என் கோரிக்கையை மீண்டும் பணிவோடு வைக்கிறேன். முழு அளவு ஸ்டெப்னி வேண்டும் என்பவர்கள் முன்பதிவின்போதே கூடுதல் விலை கொடுத்துப் பெற வழி செய்யுங்கள். டிக்கி நான்கு விரற்கடை குறைந்தால் குறையட்டும். அதை எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறோம். ஏற்கெனவே வாங்கிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு, உயர்த்திய விரிப்புத் தளத்தோடு அதே சக்கரத்தைச் சர்வீஸ் நிலையத்தில் விற்க ஏற்பாடு செய்யுங்கள். விற்பனைக் கூடங்களில் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் தங்கை மகளுக்குப் பிரசவம். மீஞ்சூருக்கும் தண்டையார்ப்பேட்டைக்கும் அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். அதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் காரின் உரிமையாளர்களில் ஒருவன்,
தண்டையார்ப்பேட்டை, சென்னை