‘பேப்பர் வாங்கு’, ‘பேப்பரை வாங்கு’

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறன்று மாணவர் பக்கத்தில் ஏ, ஆன், தி என்ற ஆர்ட்டிக்கிள்களைப் பற்றி வந்த ஆங்கிலப் பாடத்தில், ‘ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய எழுத்துகளுக்கு முன் ஆன் போட வேண்டும், தி என்றால் அந்த’ என்று இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் பக்கத்தில் 18 ஆண்டுகளாக மாலை டியூஷன் எடுக்கிறேன். இந்த இரண்டு வரியையும் நெட்டுரு போட்ட பிள்ளைகள்தான் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். அந்த ஆற்றாமையில் எழுதுகிறேன்.

எழுத்தைப் பார்த்துப் போடும் பிள்ளை ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்றும் ‘ஏ ஆனஸ்ட் மேன்’ என்றும் எழுதும். யுனிவர்சிட்டியின் முதல் எழுத்து யூ என்றாலும் காதில் விழுவது யகரம், அதனால் ஏ. ஆனஸ்ட் என்பதில் எச் இருந்தாலும் அது வாயில் வருவதில்லை, அதனால் ஆன். எம்.எல்.ஏ.வுக்கும் ஆன்தான். இது நமக்குப் புதிதா என்ன? ஒரு மரம், ஓர் இலை என்று எழுதுகிறோமே, அதே கணக்கு. தமிழில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே போவதால் எழுத்தைப் பார்த்தால் போதும். ஆங்கிலத்தில் அவை பிரிந்து கிடக்கின்றன. காதைத்தான் நம்ப வேண்டும். ஆன் பிறந்ததும் ‘ஒன்று’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்துதான். கிரிக்கெட் பிடித்த பையன்களுக்கு நான் சொல்வது: அம்பயர் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒரு காலத்தில் ‘ந’ ஒலி இருந்தது. ஏ சேர்த்துச் சொல்லிச் சொல்லி, அந்த ஒலி ஏ பக்கம் போய் ஒட்டிக்கொண்டு ‘ஆன் அம்பயர்’ ஆகிவிட்டது.

தி விஷயம்தான் பெரிது. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராட்டி. மூன்றிலுமே தி போல ஒரு தனிச்சொல் கிடையாது. போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டினாள். ஒரே பக்கத்தில் ஒன்பது சிவப்பு வட்டம், எல்லாம் தி விட்டுப்போன இடங்கள். “அந்தன்னு வர்ற இடத்துலதானே டீச்சர் தி போடணும்? சூரியனுக்கு எதுக்கு? அந்தச் சூரியன்னு யாராவது சொல்வாங்களா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

“பேப்பர் வாங்கிட்டு வா, பேப்பரை வாங்கிட்டு வா. ரெண்டும் ஒண்ணாம்மா?” என்றேன்.

பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். “இல்ல டீச்சர். பேப்பர்னா ஏதோ ஒண்ணு. பேப்பரைன்னா முன்னாடியே சொல்லி வச்ச பேப்பர்.”

யாரும் சொல்லித் தராமலே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த இரண்டாம் வேற்றுமை ஐ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் தி செய்கிறது. ‘நாய் ஒண்ணு வந்துச்சு’ என்றால் ஏ. ‘நாய் வந்துச்சு’ என்றால் நம் வீட்டு நாய், அங்கே தி. எந்தப் பொருள் என்று கேட்பவருக்குத் தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி. சூரியன் எல்லாருக்கும் தெரிந்தது, சுட்டிக்காட்ட வேண்டியதே இல்லை, அதனால் அதற்கும் தி. (உயர்திணைக்கு ஐ பெரும்பாலும் வந்துவிடும், ஆகவே அஃறிணைச் சொற்களில்தான் இதைக் காட்ட வேண்டும்.) அரபிக்கடலுக்கும் மிட்டி ஆற்றுக்கும் தி உண்டு, மும்பைக்கு இல்லை என்பதற்கெல்லாம் தமிழ் கைகொடுக்காது, பழகித்தான் வரவேண்டும்.

டியூஷன் எடுக்கத் தொடங்குவதற்கு முன், கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். சரக்கு சேதமாகி வந்ததற்கு லாரி கம்பெனிக்குக் கடிதம் அடித்தேன். சில புகார்கள் உள்ளன என்பதை ‘வி ஹேவ் ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்’ என்று அடித்துவிட்டேன். ஃபியூவுக்கு முன் ஏ இல்லாவிட்டால் புகார் ஏறக்குறைய இல்லை என்று பொருள். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மறுபடி எழுதி, விளக்கி, இழப்பீடு கேட்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. முதலாளி முன்னால் நின்ற அந்த நாளை இன்றும் மறக்கவில்லை. பள்ளியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு இந்தப் பாடத்தைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். ஃபியூ, ஏ ஃபியூ இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ‘பேப்பர், பேப்பரை’ போல என் பிள்ளைகளிடமே கேட்டுச் சேர்த்த 40 ஜோடி வாக்கியங்கள் என் நோட்டில் இருக்கின்றன. கேட்டால் படியெடுத்து அனுப்புகிறேன்.

தங்கள் வாசகி,
தாராவி, மும்பை-17