மனக்கலக்கத்தை எப்படிக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றம் குறித்த மனக்கலக்கத்தை அளக்க 2020-இல் சூசன் கிளேட்டனும் பிரையன் கராசியாவும் வெளியிட்ட அளவுகோல், அக்கலக்கம் உறக்கத்தையும் கவனத்தையும் அன்றாட வேலையையும் எவ்வளவு குலைக்கிறது என்று கேட்கிறது. அதுவே அதன் சிறப்பு. 2021-இல் இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் 45 விழுக்காட்டுக்கும் மேலானோர் தம் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுவதாகக் கூறினர். ஆனால் அவர்கள் 16 முதல் 25 வயது வரையிலானவர்கள். ஆய்வும் இணையவழியே நடந்தது.

2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்த பேராவூரணி விவசாயியிடம், அந்த அளவுகோலில் உள்ளபடி, காலநிலை மாற்றம் பற்றிக் கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லக்கூடும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா, அறுவடை நேரத்து மழையில் சம்பா சாயுமா என்ற எண்ணத்தில் உறக்கம் கெடுகிறதா என்று கேட்டால்தான் உள்ளது வெளிவரும். (கூட்டுறவுச் சங்கக் கடன் பற்றிய கவலையையும் சேர்த்துக் கேட்காவிட்டால் அந்த அளவீடும் பிழைபடும்.)

ஆகவே, 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் இரத்த அழுத்தம் பார்க்க வீடு வரும்போது, டெல்டா மக்களிடம் சரிபார்த்து வடித்த சில கேள்விகளையும் கேட்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். கவலைப்படுவோர் அனைவரையும் நோயாளிகளாகப் பதிவு செய்யாமல், வேலையே ஓடாமல் தவிப்பவர்களை மட்டும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி.