பந்தியில் தொடங்கும் ஊழியம்: அட்லாண்டா தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த ஆண்டின் ஊழியத் திட்டங்களைப் பற்றி நம் சபைகளில் பேச்சு தொடங்கிவிட்டது. வழக்கம்போல் காணிக்கையில் ஒரு பங்கு ஊரிலுள்ள மிஷனெரி அமைப்புகளுக்குப் போகும். இன்னொரு பங்கு வாலிபர் முகாமுக்குப் போகும். இரண்டும் நல்ல காரியங்கள்தான். ஆனால் முகாமை இந்த முறை ஓட்டலில் வைக்காதீர்கள். காரில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு பண்ணைக்கு நம் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நம் ஜார்ஜியா மாநிலத்திலேயே, அமெரிக்கஸ் நகரத்துக்கு வெளியே இருக்கும் கொய்னொனியா பண்ணையைத்தான் சொல்கிறேன். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் சொந்த ஊரான பிளெய்ன்ஸைப் பார்க்க நம்மில் பலர் போயிருக்கிறோம். இந்தப் பண்ணை அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் அரிது.

1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டனும் அவர் மனைவி ஃபுளோரன்ஸும், பர்மாவில் மிஷனெரிகளாக இருந்து திரும்பிய மார்ட்டின் இங்லண்டும் அவர் மனைவி மேபலும் அங்கே 440 ஏக்கர் நிலத்தில் குடியேறினார்கள். சத்து வற்றிக் கிடந்த நிலம் அது. ஜோர்டன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். பிறகு லூயிவில் நகரத்து பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்புக்குப் பெரிய சபை ஒன்றில் போதகராக அமர்ந்திருக்கலாம். அவரோ அப்போஸ்தலர் நடபடிகளில் உள்ள ஆதிச் சபையைப்போல் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ வேண்டும் என்று ஏர் பிடிக்கப் போனார்.

அவர்கள் செய்த ஊழியத்தின் தன்மையைப் பாருங்கள். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கோழி வளர்ப்பு கற்றுக்கொடுத்தார்கள். மாடு வாங்க வழியில்லாத குடும்பம் பண்ணையிலிருந்து ஒரு கறவை மாட்டை ஓட்டிப் போகலாம். பால் வற்றியதும் கொண்டுவந்து விட்டுவிட்டு இன்னொன்றை ஓட்டிப் போகலாம். மாட்டு நூலகம் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்த கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் ஒரே கூலி. மதியம் எல்லோருக்கும் ஒரே மேசை. அந்த நாளைய தென்மாநிலத்தில் அந்த மேசைதான் பெருங்குற்றமாகப் பார்க்கப்பட்டது. சேர்ந்து ஜெபித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். சேர்ந்து சாப்பிட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

1950-இல் நடந்த ஒன்றை நம் சபைகளில் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். இந்தியாவிலிருந்து வந்து ஃபுளோரிடாவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் பண்ணையைப் பார்க்க வந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆராதனை எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்பினார். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துப் போனார்கள். நம் நிறம்தான் அவர் நிறமும். கறுப்பினத்தவரை உள்ளே கூட்டிவந்துவிட்டார்கள் என்று சபை கொதித்தது. விசாரிக்க வந்த மூப்பர்களிடம் வேதாகமத்தை நீட்டி, எந்த வசனத்தை மீறினோம் என்று காட்டுங்கள் என்றார் ஜோர்டன். காட்ட வசனம் ஏது? அந்த ஆகஸ்டிலேயே பண்ணையைச் சேர்ந்த அத்தனை பேரையும் சபையிலிருந்து நீக்க வாக்களித்தார்கள். நம்மில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்ததற்காகச் சபையை இழந்தவர்கள் அவர்கள். நாம் இந்த நாட்டில் குடியேற வழி திறந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படிப்பட்டவர்கள் அடிபட்டு உண்டாக்கிய காலத்தில் பிறந்ததுதான். அந்தக் கடனை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

1956-இல் தொடங்கிய சோதனை இன்னும் கொடியது. கறுப்பின மாணவர்கள் இருவர் வெள்ளையர் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஜோர்டன் துணை நின்றார். அதன்பின் ஊரே பண்ணையை ஒதுக்கி வைத்தது. விதை, உரம், எரிபொருள் எதையும் விற்க மறுத்தார்கள், வங்கி கடனை நிறுத்தியது, காப்பீடு ரத்தானது. சாலையோரத்தில் அவர்கள் நடத்திய கடையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒதுக்கலை மீறிப் பொருள் விற்ற ஒரு வியாபாரியின் கடைக்கும் குண்டு வைத்தார்கள். இரவில் காரில் போகிறபோக்கில் வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். 1957-இல் விருந்தாளியாக வந்திருந்த கத்தோலிக்கச் சமூக ஊழியர் டோரதி டே இரவுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது அவரையும் நோக்கிச் சுட்டார்கள். அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார். முட்டையை உள்ளூரில் வாங்குவாரில்லை. கோழிப் பண்ணை நொடித்தது. அப்போதுதான் அஞ்சலில் பெக்கான் என்ற கொட்டைப் பருப்பை விற்கத் தொடங்கினார்கள். தபாலை ஊர்க்காரர்களால் தடுக்க முடியாதல்லவா? நாடெங்கும் இருந்தவர்கள் வாங்கித் தாங்கினார்கள். இன்றைக்கும் அந்த வியாபாரம்தான் பண்ணைக்குச் சோறு போடுகிறது.

ஆனாலும் பலர் பயந்து போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் ஒரு சில குடும்பங்களே மிஞ்சின. 1968-இல் மில்லார்ட் ஃபுல்லரோடு சேர்ந்து, ஏழைகளுக்கு இலாபமும் வட்டியும் இல்லாமல் வீடு கட்டிக்கொடுக்கும் திட்டத்தை ஜோர்டன் தொடங்கினார். அதிலிருந்து 1976-இல் பிறந்ததுதான், ஏழைகளுக்கு வீடு கட்டும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு. முதல் வீடு கட்டி முடிவதற்குள், 1969 அக்டோபரில் ஜோர்டன் இறந்துபோனார். மரணத்தைச் சான்றளிக்கப் பண்ணைக்கு வர அதிகாரி மறுத்துவிட்டதால், ஃபுல்லரே உடலைக் காரில் நகரத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது. சாதாரண மரப்பெட்டியில் வைத்துப் பண்ணை மேட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக்குப் பெயர்க் கல் இல்லை.

நான் போய்த் தங்கியபோது கண்ட அன்றாட வாழ்க்கையில் ஆடம்பரமாக ஒன்றுமில்லை. காலையில் சிறிது நேரம் ஜெபம், பிறகு வேலை. மணி அடித்தால் வயலில் இருந்தவர்கள் அப்படியே நின்று ஒரு நிமிடம் ஜெபிக்கிறார்கள். மதியம் பொதுப் பந்தி. வந்த விருந்தாளிகளும் பாத்திரம் கழுவ வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் கல்லூரி மாணவி ஒருத்தியும் தொட்டியருகே நின்று தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெக்கான் பொறுக்கும் வேலை கிடைத்தது. உடைத்த பருப்பு பெல்ட்டில் வரும்; ஓட்டுச் சில்லையும், பருப்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சவ்வையும் விரலால் எடுத்துவிட வேண்டும். சில்லு தப்பினால் யாருடைய பல்லாவது உடையும்; சவ்வு தப்பினால் வாயெல்லாம் கசக்கும். பக்கத்தில் நின்ற மூதாட்டி, நான் தவறவிட்டவற்றை எல்லாம் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டே தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்கவில்லை. அந்த மேசையில் ஒருவர் கஷ்டம் இன்னொருவர் காதில் விழுந்தது. மாலையில் அந்தக் கஷ்டத்துக்காக ஜெபித்தார்கள்.

இந்தப் பண்ணையிலிருந்து போன சில குடும்பங்கள் 1979-இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்துக்கு அப்பால் கோமர் என்ற சிற்றூரில் ஜூபிலி பார்ட்னர்ஸ் என்ற குழுவைத் தொடங்கின. கியூபா, வியட்நாம், கம்போடியா, மத்திய அமெரிக்கா, பர்மா என்று பல நாட்டு அகதிகளை அங்கே தங்கவைத்து ஆங்கிலம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்; தோட்ட வேலையைச் சேர்ந்து செய்திருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்த கரேன் இனத்தவர் பலர் இன்று அந்த வட்டாரத்திலேயே குடியேறிப் பயிர் செய்கிறார்கள். அங்கே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகள் சிலரும் அதில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இதை எழுதும்போது எனக்கு நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குச் சாதிக்கொரு கல்லறை, நடுவில் மதில். திருநெல்வேலிச் சீமையின் அசனப் பண்டிகையில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பெருமையைச் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையான பெருமைதான். ஆனால் அட்லாண்டாவில் சபை மண்டபத்தில் பிரியாணியை ஒன்றாகச் சாப்பிட்ட கையோடு, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கிறோம். நம் தெருவில் இருக்கும் கறுப்பினச் சபையின் போதகர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊருக்குப் பணம் அனுப்புவதில் நாம் தாராளமானவர்கள். ஆனால் பணம் அனுப்புவதால் நம் பந்தியில் யாரும் புதிதாக வந்து உட்காரப் போவதில்லை.

ஆகவே மூப்பர்களே, வாலிபரை மட்டும் அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்துவிடக் கூடாது. குடும்பத்தோடு போவோம். நம் மைக்கையும் பேனரையும் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் ஜெபத்தில் உட்காருவோம், கொடுக்கிற வேலையைச் செய்வோம். கல்லூரி முடித்து அடுத்தது என்ன என்று தவிக்கும் பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். இத்தகைய குழுக்கள் சில மாதம் தங்கி உழைக்கும் தன்னார்வலர்களை ஏற்றுக்கொள்கின்றன. அப்படிப் போகும் பிள்ளைக்கு வழிச்செலவைச் சபை தரட்டும். கோமருக்குப் போனால் கரேன் குடும்பங்களை அடுத்த அசனத்துக்கு அழைப்போம். விருந்தாளிகளாக மட்டுமல்லாமல், சமையலிலும் பரிமாறுவதிலும் நம்மோடு கை போடுகிறவர்களாகவும் அழைப்போம்.

பெக்கான் உதிரும் பருவம் அக்டோபரில் தொடங்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பொட்டலம் கட்ட ஆள் தேவைப்படும். வரும் கமிட்டியில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, பண்ணைக்கு ஒரு கடிதம் எழுதி எந்த வாரம் வந்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். தேதி கிடைத்ததும் சொல்லுங்கள். என் வண்டியில் ஆறு பேருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தினர்