ஞாயிறு மாலை ‘லவ் லெட்டர்’ பார்க்கிறோம்

வணக்கம் நண்பர்களே,

இந்த மாதத் திரையிடலுக்கு ஷுன்ஜி இவாய் இயக்கிய ஜப்பானியப் படம் ‘லவ் லெட்டர்’ (1995). வரும் ஞாயிறு மாலை 5 மணி, வழக்கமான மாடி அறை. 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மலையேற்றத்தில் இறந்துபோன காதலனின் பள்ளி ஆண்டு மலரில் ஒதாரு என்ற ஊரில் அவன் முன்பு இருந்த வீட்டு முகவரியைப் பார்க்கிறாள் ஹிரோகோ. அந்த வீடு இப்போது இல்லை, சாலை போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டும் நலம் விசாரித்து ஒரு கடிதம் போடுகிறாள். பதில் வருகிறது. மீதியைப் படத்தில் பாருங்கள். இரட்டை வேடத்தில் நடித்த மிஹோ நகயாமா 2024 டிசம்பரில் காலமானார். அவருக்கு நம் அஞ்சலியாகவும் இது இருக்கட்டும்.

1. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் இங்கே பதியுங்கள். நாற்காலிகள் 30தான்.

2. 4.45க்கே வந்துவிடுங்கள். ஹிரோகோ பனியில் மூச்சடக்கிப் படுத்திருக்கும் முதல் காட்சியைத் தவறவிடக் கூடாது.

3. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான். அப்பா அம்மாவை அழைத்து வருபவர்கள் முன்பே சொன்னால் தமிழில் கதைக்குறிப்பு அச்சடித்து வைக்கிறேன்.

4. இந்த ஆண்டு நம்மில் சிலர் வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது. மனம் ஒப்பாவிட்டால் வர வேண்டாம், நடுவில் எழுந்து போனாலும் பரவாயில்லை. தனியாக எனக்கு ஒரு வரி போட்டால் போதும்.

5. அப்புறம், நம் பள்ளி ஆண்டு மலர் யாரிடமாவது இருந்தால் அவசியம் கொண்டு வாருங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.