மார்த்தாண்டத்து மைனிக்கு, சீஸ் ரொட்டி பற்றி

அன்புள்ள மைனி,

ரொட்டி கல்லாகப் போய்விட்டது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சொன்னீர்கள். போகத்தான் வேண்டும். ஆப்ப மாவின் மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே பதம் சொல்கிற உங்களுக்கு இந்த ரொட்டி வராமல் போக வழியே இல்லை. மாவு கையில் ஒட்டியதும் சப்பாத்திப் பழக்கத்தில் மேலும் மேலும் மைதா தூவி இறுக்கிவிட்டீர்கள். கோளாறு அவ்வளவுதான்.

பிசையவே வேண்டாம். நியூயார்க்கில் ரொட்டிக்கடை வைத்த ஜிம் லேஹியின் முறை இது. 2006இல் நியூயார்க் டைம்ஸில் வந்த பிறகு உலகெங்கும் வீட்டு அடுக்களைகளுக்குப் போனது. தண்ணீர் அதிகம், ஈஸ்ட் குறைவு, நேரம் தாராளம். கோதுமையின் பசைப்புரதம் ஈரத்தில் ஊறிக் கிடந்தே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

400 கிராம் மைதா, 280 கிராம் தண்ணீர், கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 6 கிராம் உப்பு. வழக்கமாக 8 கிராம் போடலாம். சீஸிலேயே உப்பு இருப்பதால் குறைத்திருக்கிறேன். கரண்டியால் கிளறி மூடி வையுங்கள். லேஹி சொல்லும் 12 முதல் 18 மணி நேரம், 21 டிகிரி இருக்கும் வீட்டுக்கான கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் 7, 8 மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்துத் தளர்ந்துபோகும். அதனால் கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு எழும்பி, மேலெல்லாம் குமிழி தெரிந்தால் சரி. ஆனி, ஐப்பசி மழையில் மைதாவே ஈரம் குடித்திருக்கும், அப்போது ஒரு கரண்டித் தண்ணீரைக் குறைக்கலாம்.

இனி சீஸ். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. நாகர்கோவில் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கட்டி சீஸ் பதப்படுத்தியது. கொழுப்பு பிரியாமலிருக்க உப்புகள் சேர்த்துச் செய்வது. அடுப்பில் அடக்கமாக இளகும், ஆனால் ருசி மெலிவு. நாள்பட்ட சேடர், அதாவது பல மாதம் வைத்துப் பக்குவப்படுத்திய சீஸ், கிடைத்தால் அதையே வாங்குங்கள். 120 கிராம் போதும். முழுவதையும் துருவினால் மாவோடு கரைந்து காணாமல் போய்விடும். பாதியைத் துருவி, மீதியை விரல்நுனி அளவு துண்டுகளாக நறுக்குங்கள். வெந்து வரும்போது அந்தத் துண்டுகள் இருந்த இடம் பொந்தாகி, உள்சுவர் முழுக்க சீஸ் பூசியிருக்கும். வெளியே எட்டிப் பார்க்கும் துண்டு கருகி மொறுமொறுப்பாகும், எங்கள் வீட்டில் அதற்குத்தான் அடிபிடி. கூடவே ஒன்றிரண்டாக இடித்த நல்லமிளகு, நம் மலையோரத்து மிளகாக இருந்தால் நல்லது. உள்ளி (வெங்காயம்) வேண்டாம், தண்ணீர் விட்டு மாவைக் கெடுக்கும்.

எழும்பிய மாவில் சீஸைத் தூவி, ஓரங்களை இழுத்து நடுவில் மடித்து, பேக்கிங் பேப்பரில் வையுங்கள். மெழுகு பூசிய தாள் கூடாது, சூட்டில் உருகும். முக்கால் மணி நேரம் இருக்கட்டும். அதற்குள் கனமான இரும்புச் சட்டியை மூடியோடு ஓவனில் 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுங்கள். மீன்சட்டி வேண்டாம், காய்ந்த மண்ணில் ஈர மாவு விழுந்தால் விரிசல் விடக்கூடும். பிறகு மாவைத் தாளோடு தூக்கிக் காய்ந்த சட்டியில் இறக்கி, மூடி ஓவனில் வையுங்கள். மூடி முக்கியம்: மாவின் ஆவி உள்ளேயே நின்று மேல்தோலை இளக்கமாக வைத்திருக்கும், ரொட்டி உப்ப இடம் கிடைக்கும். 30 நிமிடம் கழித்து மூடியை எடுத்து, நிறம் ஏறும்வரை இன்னும் 15 நிமிடம்.

சூட்டோடு வெட்டாதீர்கள், உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். ஈரக்காற்றில் மறுநாள் தோல் தளர்ந்தால், 180 டிகிரியில் சில நிமிடம் வைத்துக் கட்டன்சாயாவோடு சாப்பிடலாம்.

உங்கள் ஓவனின் உள் உயரத்தை அண்ணனை அளக்கச் சொல்லி அனுப்புங்கள். மூடியோடு நுழையும் சட்டியை வடசேரியில் பார்த்து வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்